கல் முதலில்

பணத்தை அப்புறம் எண்ணலாம் பென்னிச் சேட்டா,
முதலில் இந்த ரெண்டு கல்லையும் பிடியுங்கள்.
பூப்பாறை ஆற்றில் எடுத்தவை. விலையில் சேர்க்கவில்லை.

கல் முதலில், கொக்கி பிறகு.
சக்கரத்துக்கு அண்டக் கொடுத்த பிறகுதான்
ஜீப்பிலிருந்து கழற்ற வேண்டும்.
நாங்கள் ஒரே ஒருமுறை மாற்றிச் செய்தோம்,
சின்னக்கானலுக்கு மேலே, ஏலக்காட்டு விளிம்பில்.
உள்ளே பவுன்ராசு கட்டன் சாயா போட்டுக்கொண்டிருந்தார்.
வீடு மெதுவாகக் கிளம்பியது.
பதினோரு அடி. பிறகு டேப் பிடித்து அளந்தேன்.
ஜன்னலோரம் அவர் முகம் என்னைக் கடந்துபோனது,
டிக்கெட் எடுக்காமல் பஸ் ஏறியவர் மாதிரி.
ஒரு சில்வர் ஓக் பிடித்துக்கொண்டது.
பின்பக்க நெளிசல் அதுதான்.
தட்டி எடுக்க வேண்டாம்.

போடிமெட்டுக்குப் பதினேழு வளைவு.
அரிசி, பேட்டரி, தண்ணீர் எல்லாம்
அச்சுக்கு மேலே, கொஞ்சம் முன்தள்ளி.
பின்னால் ஏற்றினால் வால் ஆடும்.
ஆடினால் மிதிக்காதீர்கள், திருப்பாதீர்கள்,
ஆக்சிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுங்கள்.
கோபத்துக்கும் அதே மருந்து என்று
பவுன்ராசு சொல்வார். அவர் ஓட்டியதே இல்லை.

செக்போஸ்ட்டில் கேட்பார்கள், என்ன லோடு?
வீடு என்று சொல்லிவிடாதீர்கள்.
சொன்னேன். முக்கால் மணி நேரம் போச்சு.

மட்டம் பார்க்க ஒரு கருவி தந்தார்கள்,
அதில் எறும்பு குடியேறிவிட்டது.
தோசை ஊற்றுங்கள்.
மாவு எந்தப் பக்கம் ஓடுகிறதோ
அந்தச் சக்கரத்தைப் பலகை மேல் ஏற்றுங்கள்.
வட்டமாக வந்தால் அன்றைக்கு நல்ல தூக்கம்.

தொண்ணூறு லிட்டர் தொட்டி.
ரெண்டு பேருக்கு நாலு நாள்,
யாரும் தலைக்குக் குளிக்காவிட்டால்.
கழிவுத் தொட்டியை ஓடையில் திறந்தீர்கள் என்று
என் காதுக்கு வந்தால்
போடியிலிருந்து ஏறி வந்து வண்டியைப் பிடுங்கிக்கொள்வேன்.

பலாப்பழம் ஏற்றவே ஏற்றாதீர்கள், ஒரு சுளைகூட.
ஆனயிறங்கல் கரையில் ஒருவர் வந்து
இருட்டில் சுவரைத் தடவி, குழாயை முகர்ந்து,
ரொம்ப நேரம் யோசித்துவிட்டுப் போனார்.
பெயர் சொல்லவில்லை.
நாங்களும் கேட்கவில்லை.

ஆடிச் சாரலில் சோலார் பலகை முகம் கொடுக்காது.
மீட்டர் பன்னிரண்டுக்கு இறங்கினால் எல்லாவற்றையும் அணையுங்கள்.
அப்படி அணைத்த ராத்திரிகளில்தான்
ஏலக்காய் ஏலத்தில் இருபத்து மூணு வருஷம் எண் கூவி
வீட்டில் வாயே திறக்காத மனுஷன்
என்னிடம் பேச ஆரம்பித்தார்.
முதலில் காய் ரகம் பற்றி.
பிறகு மற்றதெல்லாம்.

ஏன் விற்கிறீர்கள் என்று மூணு தடவை கேட்டீர்கள்.
டயர் புதுசு. பேட்டரி போன வைகாசியில் போட்டது.
ரிவர்ஸ்தான்.
ஸ்டியரிங்கை இடது ஒடித்தால் இது வலது போகும்,
பின்னால் ஒரு ஆள் நின்று கை காட்டாமல் முடியாது.
அவர் கண்ணில் அழுத்தம் ஏறிவிட்டது.
நேரே தெரிகிறது, ஓரங்கள் இல்லை.
போன மாசி மாதம்
வா, வா, இன்னும் வா என்று
பள்ளத்துப் பக்கம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.
குரலில் ஒரு சந்தேகமும் இல்லை.
நானும் போய்க்கொண்டே இருந்தேன்.
ஒரு டிப்பர்காரன் ஹாரன் அடித்தான்.

உங்களுக்குப் பின்னால் நிற்க யார்?
தங்கச்சியா? நல்லது. சத்தமாகப் பேசுவாளா?

சரி, ஏறுங்கள். இந்த முற்றத்திலிருந்து வெளியே எடுக்க வேண்டும்.
அவரே கை காட்டுவார், இன்றைக்கு மட்டும்.
குரல் அவருடையதைக் கேளுங்கள்,
கண்ணாடியில் அவர் தோளுக்குப் பின்னால்
என் கையைப் பாருங்கள்.
அவரிடம் சொல்ல வேண்டாம்.

கிளம்பும்போது வரிசை திரும்பும்:
கொக்கி முதலில்.
மாட்டியாச்சா?
சங்கிலியைக் குறுக்கே போட்டாச்சா?

இப்போது கல்லை எடுங்கள்.